ஒலிக்காத வாவ்: நபாத்திய எழுத்தொன்றின் வரலாறு

ஹதீஸ் நூல்களைப் பயில்வோர் அப்துல்லாஹ் என்னும் பெயருடைய நபித்தோழர்கள் பலரைக் காண்பர். அவர்களுள் இருவருடைய பெயர்கள் எழுத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஒருவர், இரண்டாம் கலீஃபாவின் மைந்தர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி). மற்றவர், எகிப்தை வென்ற தளபதியின் மைந்தர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி). பின்னவர், நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்றுத் தாம் செவியுற்றவற்றை ஏட்டில் எழுதி வைத்தவர். அவ்வேடு 'அஸ்ஸஹீஃபத்துஸ் ஸாதிகா' என்று பெயர் பெற்றது. உயிர்க்குறிகள் இடப்படாத பழம்பிரதிகளில் 'உமர்' என்பது ஐன், மீம், ரா என்னும் மூன்று எழுத்துகள். 'அம்ரு' என்பதும் அதே மூன்று எழுத்துகள்தாம். ஆனால் இறுதியில் ஒரு வாவ் கூடுதலாக நிற்கும். அந்த வாவுக்கு ஒலி கிடையாது. எழுதுவர், ஓதமாட்டார். பிரதி எடுப்பவரின் கை ஒரு கணம் தவறி அந்த வாவ் விடுபட்டால், ஒரு நபித்தோழரின் அறிவிப்பு மற்றொருவருடையதாகிவிடும். சில ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசையில் 'இப்னு உமரா, இப்னு அம்ரா' என்று பிரதிகள் வேறுபடுவதையும், விரிவுரையாளர்கள் அதை ஆராய்ந்து தீர்ப்பதையும் காண்கிறோம்.

தமிழில் நாம் 'அம்ரு' என உகரம் சேர்த்து எழுதுவதை அந்த வாவின் ஒலி என்று எண்ணிவிடலாகாது. 'பத்ர்' என்பதைப் 'பத்ரு' என்று நாம் வழங்குவதுபோல, இரு மெய்கள் அடுத்தடுத்து நின்று சொல் முடிவதைப் பொறாத நம் நா தானே சேர்த்துக்கொண்ட உகரம் அது.

அரபு மத்ரஸாக்களில் இந்த வாவுக்குச் சொல்லித் தரப்படும் விளக்கம் எளியது: உமரையும் அம்ருவையும் வேறுபடுத்திக் காட்டவே அது இடப்பட்டது. அரபு எழுத்திலக்கண ஆசிரியர்கள் இதற்குச் சான்றும் காட்டுவர். அச்சொல் செயப்படுபொருளாக வந்து தன்வீனோடு 'அம்ரன்' என்றாகும்போது இறுதியில் ஓர் அலிஃப் வந்துவிடும். 'உமர்' என்பது 'கைரு முன்ஸரிஃப்' ஆதலால், அதாவது தன்வீன் ஏற்காத பெயராதலால், அதற்கு அந்த அலிஃப் வாராது. அலிஃபே வேற்றுமையைக் காட்டிவிடுவதால் அங்கே வாவை எழுதுவதில்லை. தேவையான இடத்தில் இட்டு, தேவையற்ற இடத்தில் நீக்கும் ஒழுங்கு அழகானதுதான். அப்பாஸியர் காலக் கவிஞர் அபூ நுவாஸ், ஒரு குலத்தோடு உரிமையின்றி ஒட்டிக்கொண்டவனைப் பழிக்க 'அம்ருவின் வாவ்' என்பதையே உவமையாக்கினார். அவர் கண்ணுக்கு அது சொல்லோடு தொடர்பற்ற ஒட்டுண்ணி எழுத்து.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வேறுபாடு காட்டத்தான் வேண்டுமெனில், அதற்கு ஏன் ஒரு வாவ்? யா ஆகவோ ஹா ஆகவோ இருந்திருக்கலாமே! இலக்கண ஆசிரியர்கள் அந்த எழுத்தின் பயனைச் சொன்னார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அறியப் பாலைவனப் பாறைகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய ஜோர்தானிலுள்ள பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு, குங்கிலியமும் வெள்ளைப்போளமும் சுமந்து சென்ற வணிகக் கூட்டங்களால் செழித்தவர்கள் நபாத்தியர்கள். அரபு நூல்களில் 'நபத்', 'அன்பாத்' என்று வழங்கும் பெயர் இவர்களையும் குறிக்கும். இவர்களுட் பெரும்பாலோர் பேசியது அரபி. எழுதியதோ அக்காலத்தில் அப்பகுதியெங்கும் எழுத்துமொழியாக விளங்கிய அரமி. அரமிக்குரிய 22 எழுத்துகளைத் தமக்கென ஒரு வடிவில் வளைத்துக்கொண்டார்கள். அரமி வாக்கியத்தின் நடுவே தங்கள் அரபுப் பெயர்களை எழுத நேர்ந்தபோது, அப்பெயர்களின் இறுதியில் ஒலித்த உகரத்தை, அதாவது இன்று நாம் ளம்மு என்று சொல்லும் வேற்றுமை விகுதியை, ஒரு வாவால் குறித்தார்கள். நாணயங்களில் தங்கள் இனத்தின் பெயரையே நூன், பா, தா, வாவ் என 'நபத்து' என்றுதான் பொறித்தார்கள். கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் ஹாரிஸா மன்னர் தம்மை 'நபத்துவின் அரசன், தன் மக்களை நேசிப்பவன்' என்று அழைத்துக்கொண்டதை அக்காசுகளில் காணலாம்.

கி.பி. 106இல் ரோமப் பேரரசன் டிராஜன் அந்நாட்டைத் தன் மாகாணமாக்கிக்கொண்டான். அரசு போயிற்று; எழுத்து போகவில்லை. அந்த ஆண்டையே தொடக்கமாகக் கொண்ட புஸ்ரா ஆண்டுக்கணக்கு ஒன்று வழக்குக்கு வந்தது. பின்வரும் கல்வெட்டுகளுக்கு நாம் காலம் சொல்ல முடிவது அந்தக் கணக்கின் தயவால்தான்.

நபாத்தியரின் இரண்டாம் பெருநகர் நமக்கு நன்கு தெரிந்த ஊர். குர்ஆனின் 15ஆவது அத்தியாயம் அதன் பெயரையே தாங்கியிருக்கிறது. ஹிஜ்ரி 9இல் தபூக் நோக்கிச் சென்ற நபி (ஸல்) அவர்கள், அல்ஹிஜ்ரைக் கடக்கையில், தண்டிக்கப்பட்டோரின் இருப்பிடங்களில் அழுதவர்களாகவன்றி நுழைய வேண்டாமெனத் தோழர்களை எச்சரித்ததையும், ஒட்டகம் நீர் பருகிய கிணற்றைத் தவிர மற்றவற்றின் நீரைப் பயன்படுத்த வேண்டாமென்றதையும் ஹதீஸ்களில் அறிகிறோம். மதாயின் ஸாலிஹ் எனப்படும் அவ்விடத்தில் பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஸவூதி அரேபியாவுக்கு அதுவே முதலாவது. படங்களில் காணும் அலங்கார வாயில்கள் ஸமூது கூட்டத்தாருடையவை என்று நம்மிற் பலர் கருதுகிறோம். ஆனால் அவற்றுட் பலவற்றின் வாயிலில் உரிமையாளர் பெயரும், ஆண்ட நபாத்திய மன்னரின் பெயரும், ஆட்சி ஆண்டும் தெளிவாக வெட்டப்பட்டுள்ளன. அவை கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஸமூதுகள் அதற்கு வெகு காலம் முன்பே அறியப்பட்டவர்கள், கி.மு. 8ஆம் நூற்றாண்டு அஸீரிய மன்னன் இரண்டாம் ஸர்கோனின் ஆவணங்களில் அப்பெயர் வருகிறது. எனவே, அங்கே வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் எச்சத்தைப் பின்வந்த மற்றொரு கூட்டத்தாரின் கல்லறையில் தேடுகிறோம் என்பதைத் தவிர இதில் குழப்பமடைய ஏதுமில்லை.

நம் வாவுக்கு வருவோம். அல்ஹிஜ்ரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜௌஸன், ஸவிஞாக் என்னும் இரு பிரெஞ்சுத் துறவியர் படியெடுத்த கல்வெட்டுகளுள் ஒன்று தனிச்சிறப்புடையது. ஹாரிஸாவின் மகன் கஅப் என்பவர், தம் தாய் ரகூஷுக்காக எழுப்பிய கல்லறையின் வாசகம் அது. புஸ்ரா கணக்கில் 162ஆம் ஆண்டு, தம்மூஸ் மாதம், அதாவது கி.பி. 267. எழுத்து நபாத்தியம். மொழியோ பாதி அரமி, பாதி அரபி. 'இது கபுறு' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'இது' அரமிச் சொல். 'கபுறு' நம் கபுறேதான். அதன் இறுதியில் ஒரு வாவ். மகன் கஅபின் பெயரிறுதியில் ஒரு வாவ். அன்னை மரணித்தது 'ஃபீ அல்ஹிஜ்ரு' என்று வரும் இடத்தில், ஊர்ப்பெயரின் இறுதியிலும் ஒரு வாவ். ஆனால் ரகூஷின் பெயரிலும், தந்தை ஹாரிஸாவின் பெயரிலும் வாவ் இல்லை. மத்ரஸாவில் நஹ்வு பயின்றவர் இதைப் பார்த்ததும் புன்னகைப்பார். பெண்பாற் பெயரும், பெண்பால் 'தா'வில் முடியும் ஆண் பெயரும் தன்வீன் ஏற்காதவை. எவை தன்வீன் ஏற்குமோ அவற்றுக்கே வாவ்! நஹ்வு நூல்கள் பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே, முன்ஸரிஃபும் கைரு முன்ஸரிஃபும் ஒரு கல்லறையில் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றையும் அக்கல் சொல்கிறது. 'ஃபீ' என்னும் சொல்லுக்குப் பின் வரும் பெயர் இகரத்தில் முடிய வேண்டும். 'ஃபில் ஹிஜ்ரி' என்பதே முறை. கல்லில் அங்கும் வாவ்தான் இருக்கிறது. கபுறை மாற்றியமைப்பவனை உலகின் இறைவன் சபிப்பானாக என்று வரும் வரியிலும், செயப்படுபொருளாக நிற்கும் 'அல்கபுறு' வாவோடுதான் எழுதப்பட்டுள்ளது. ஆக, கி.பி. 267 அளவிலேயே அந்த வாவ் ஒலியைக் காட்டும் எழுத்தாக இல்லை. பெயரென்றால் இறுதியில் வாவ் இட வேண்டும் என்ற பழக்கமாக, எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவந்த முறையாக உறைந்துபோயிருந்தது.

இந்தப் பழக்கத்துக்கு உட்படாத பெயர்களும் உண்டு. ஸினாய்ப் பாறைகளில் நபாத்தியர் கீறிவைத்த பெயர்களுள் அப்துல்லாஹ் என்பது அடிக்கடி காணப்படுவது. அதை அவர்கள் இறுதியில் வாவ் இட்டு எழுதவில்லை. யா இட்டு 'அப்துல்லாஹி' என்று எழுதினார்கள். 'அல்லாஹ்வின் அடிமை' என்ற தொடரில் 'அல்லாஹ்' ஆறாம் வேற்றுமை ஆதலால் இகரம். நபி (ஸல்) அவர்களின் தந்தையார் பெயரும் இதுவே என்பதை நினைக்கையில், அப்பாறைகளை வெறும் தொல்பொருளாகக் கடந்து செல்ல நமக்கு மனம் வருவதில்லை.

ரகூஷுக்கு 61 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 328இல், தென் சிரியாவின் நமாராவில் ஒரு மன்னர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை வாயிலின் மேற்கல்லில் ஐந்து வரிகள். 1901இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழி அரபி, எழுத்து நபாத்தியம். தம்மை அரபியர் அனைவருக்கும் அரசர் என்று கூறிக்கொள்ளும் அவர் பெயர் இம்ருல் கைஸ். கவிஞர் இம்ருல் கைஸ் இவருக்கு இரு நூற்றாண்டுகள் பிற்பட்டவர். மன்னரின் தந்தை பெயர் என்ன தெரியுமா? அம்ரு. ஐன், மீம், ரா, வாவ்! உமரிடமிருந்து வேறுபடுத்தும் தேவை அக்கல்லில் எங்குமில்லை. இருந்தும் வாவ் அங்கே நிற்கிறது. கல்லில் பிற பெயர்கள் சிலவற்றுக்கும் அது நிற்கிறது. கி.பி. 568இல், ஹிஜ்ரத்துக்கு 54 ஆண்டுகளுக்கு முன், சிரியாவின் ஹர்ரானில் பொறிக்கப்பட்ட கல்வெட்டில் எழுத்து வடிவம் முழுக்க அரபியாகிவிட்டது. அங்கும் ஷராஹீல் என்பவரின் தந்தை பெயர் 'ளாலிமு' என வாவோடு முடிகிறது.

இனி அல்ஹிஜ்ருக்கே திரும்பிச் செல்லலாம். அவ்வூருக்கு அருகே, பழைய ஹஜ் பாதையில், ஒரு பாறையில் ஸுஹைர் என்பவர் எழுதிவைத்த சிறு வாசகம் உண்டு. உமர் மரணித்த காலத்தில், 24ஆம் ஆண்டில் தாம் இதை எழுதியதாக அவர் கூறுகிறார். ஹிஜ்ரி 24, கி.பி. 644. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற கல்வெட்டு அது. உமர் (ரலி) அவர்களின் பெயர் மூன்றே எழுத்துகளில், வாவின்றி. அது எதிர்பார்த்ததே. ஆனால் ஸுஹைர் தம் பெயருக்கும் வாவ் இடவில்லை. ஸுஹைர் என்பது தன்வீன் ஏற்கும் பெயர். நாநூறு ஆண்டுகளுக்கு முன் அதே வட்டாரத்தில் ஓர் எழுத்தர் அதை எழுதியிருந்தால் வாவ் இட்டிருப்பார். இடைப்பட்ட காலத்தில் அப்பழக்கம் எல்லாப் பெயர்களிலிருந்தும் உதிர்ந்துவிட்டது. ஒன்றில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஏன் அம்ருவில் மட்டும்? இங்கேதான் இலக்கண ஆசிரியர்களின் விளக்கம் தன் உரிய இடத்தைப் பெறுகிறது என்று கருதுகிறோம். மற்றப் பெயர்களில் வாவ் போனால் நட்டமில்லை. அம்ருவில் போனால் உமரோடு கலந்துவிடும். ஆகவே எழுத்தர்கள் அதை விட்டுவைத்தார்கள். வேறுபடுத்துவதற்காக அது பிறக்கவில்லை, வேறுபடுத்தியதால் பிழைத்துக்கொண்டது. அபூ நுவாஸ் அதை உரிமையற்ற ஒட்டுண்ணி என்றார். உண்மையில் அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு அது.

நாம் அன்றாடம் ஓதும் முஸ்ஹஃபிலும் இத்தகைய பழமை உண்டு. ஸலாத், ஸகாத், ஹயாத் ஆகிய சொற்களை அலிஃபுக்குப் பதில் வாவ் இட்டு எழுதி, மேலே சிற்றலிஃப் வைத்திருப்பதைக் காண்கிறோம். 53ஆவது அத்தியாயத்தில் வரும் 'மனாத்' என்னும் சிலையின் பெயரும் அவ்வாறே வாவோடு எழுதப்படுகிறது. அல்ஹிஜ்ரின் நபாத்தியக் கல்லறைகளில் அதே பெயர் மீம், நூன், வாவ், தா, வாவ் என்று வருகிறது. நடுவிலுள்ள வாவ் இரு இடத்திலும் ஒன்றே. பழைய உச்சரிப்பொன்றின் தடயம் அது என்பது மொழியியலார் கருத்து. வஹீயை எழுதிய கரங்கள் புதிதாக ஓர் எழுத்துமுறையைக் கற்பித்துக்கொள்ளவில்லை. தம் கையிலிருந்த முறையைக் கொண்டே எழுதின.

அம்முறை மக்காவுக்கு எப்படி வந்தது என்பது பற்றி நம் முன்னோர் கூறியதும் கவனத்துக்குரியது. பலாதுரி தம் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலில், தய்யி குலத்தார் மூவர் ஸுரியானி எழுத்தைப் பார்த்து அரபு எழுத்தை அமைத்தனர் என்றும், அது அன்பார், ஹீரா வழியாகப் பரவியது என்றும், தூமத்துல் ஜந்தலின் உகைதிருடைய சகோதரர் பிஷ்ர் மக்காவாசிகளுக்குக் கற்பித்தார் என்றும் பதிவுசெய்கிறார். மேற்கத்திய ஆய்வாளர்களிலும் ஸுரியானி மூலத்தை வலியுறுத்தியோர் இருந்தனர். ஆயினும் வடமேற்கு அரேபியாவில் கிடைத்துவரும் கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான இடைநிலைக் கல்வெட்டுகள், நபாத்திய வடிவங்கள் படிப்படியாக அரபு வடிவங்களாக மாறுவதை வரிக்கு வரி காட்டுகின்றன. லைலா நஹ்மே என்னும் ஆய்வாளரின் உழைப்பு இதில் பெரிது. பலாதுரி கூறிய தூமத்துல் ஜந்தலும் ஒரு காலத்தில் நபாத்தியர் ஊரே என்பதைப் பார்க்கையில், அவருடைய செய்தியை அடியோடு தள்ளிவிட நாம் அவசரப்பட வேண்டியதில்லை. எழுத்து பெட்ராவிலிருந்து வந்ததால் மார்க்கமும் பெட்ராவிலிருந்தே வந்தது என்று சிலர் காணொளிகளில் முழங்குவதுதான் விந்தை. இவர்களின் வாதப்படி, அரமி எழுத்துக்கு மூலமான ஃபினீஷிய எழுத்திலிருந்தே கிரேக்க எழுத்தும் பிறந்ததால், கிரேக்கரின் தெய்வங்களெல்லாம் ஃபினீஷியாவில் பிறந்திருக்க வேண்டும்!

இத்தனை வரலாறு சுமந்த அந்த எழுத்துக்குக் கணினியில் ஓர் இடம் கிடைத்தது 2014 ஜூனில்தான். அதற்கு முன் அதை அச்சில் காட்ட ஆய்வாளர்கள் பிற எழுத்துகளையே நாடினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெருந்தொகுப்புகள் நபாத்தியக் கல்வெட்டுகளை ஹீப்ரு எழுத்தில் அச்சிட்டன; பின்வந்தோர் இலத்தீனில் பெயர்த்தெழுதினர். சிலர் அரபு எழுத்திலேயே எழுதினர். கடைசி வழி நமக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரபியில் 28 எழுத்துகள், நபாத்தியத்தில் 22. கல்லில் ஒரே 'தா' வடிவம் தா, ஸா இரண்டுக்கும் நிற்கும். ருவாஃபா கோவிலின் 2ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஸமூதின் பெயர் தா, மீம், வாவ், தால், வாவ் என்றுதான் இருக்கிறது. இறுதியில் நம் வாவும் உண்டு. அதை அரபு எழுத்தில் தட்டச்சு செய்பவர் முதலெழுத்துக்கு இரு புள்ளியா மூன்று புள்ளியா என்று தாமே முடிவுசெய்ய வேண்டும். கல்லில் எழுதியவர் செய்யாத முடிவு அது. நமாராக் கல்லின் சில சொற்களை எப்படிப் படிப்பது என்ற விவாதம் நூறாண்டு கடந்தும் ஓயாதிருப்பதற்கு இந்தப் புள்ளியின்மை ஒரு முக்கியக் காரணம்.

யூனிகோடின் 7.0 பதிப்பு நபாத்தியத்துக்கென 40 குறியெண்களை ஒதுக்கியது: எழுத்துகளுக்கு 31, எண்ணுருக்களுக்கு 9. வாவின் குறியெண் 10888, பதினாறடிமான முறையில். அரபு வாவின் குறியெண் 0648. அது 1991இன் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. தாயும் மகளுமான இவ்விரு எழுத்துகளுக்குமிடையே கணினி எந்த உறவையும் அறியாது. தேடுபொறியில் அரபு எழுத்தில் 'அம்ரு' என்று உள்ளிடுவோருக்கு ஆயிரக்கணக்கான ஹதீஸ்கள் வந்து நிற்கும். நபாத்தியக் குறியெண்களில் பதிவான நமாராவின் அம்ரு மட்டும் வரமாட்டார். இடைநிலைக் கல்வெட்டுகளின் நிலை இன்னும் இக்கட்டானது. ஒரே வரியில் ஓர் எழுத்து பழைய சாயலிலும் மற்றொன்று புதிய சாயலிலும் இருக்கும்போது, பதிவுசெய்பவர் எந்தக் குறியெண் தொகுதியைத் தேர்வார்? கல்லில் மெல்ல மெல்ல நிகழ்ந்த மாற்றத்தைக் கணினியில் ஏதோ ஓரிடத்தில் கோடு போட்டுப் பிரித்தாக வேண்டியிருக்கிறது. இருந்தும் இப்பிரிவினையே சரி என்பது நம் எண்ணம். ஒப்பிடுவதற்கு உதவும் பட்டியலை எவரும் பின்னர் உருவாக்கிக்கொள்ளலாம். கல்லில் இல்லாத புள்ளியை ஏற்றிவிட்டால் அது இருந்ததா இல்லையா என்பதைப் பின்னர் அறிய வழியிருக்காது.

22 எழுத்துகளுக்கு 31 குறியெண்கள் எப்படி வந்தன என்று கேட்கலாம். அலிஃப், பா, ஹா, யா, காஃப், லாம், மீம், நூன், ஷீன் ஆகிய ஒன்பதுக்கும் சொல்லிறுதியில் வரும் தனி வடிவம் உண்டு. அரபியில் அத்தகைய வடிவத்தை எழுத்துரு தானே தேர்ந்துகொள்ளும்; நபாத்தியத்தில் எழுத்தர்கள் அதை ஒரே ஒழுங்கில் பயன்படுத்தவில்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தர வேண்டியதாயிற்று. பெயர்களின் இறுதியிலேயே வாழ்ந்து தீர்த்த வாவுக்கோ இறுதி வடிவமென ஒன்று இல்லை. உரிய எழுத்துரு நிறுவப்படாத கைப்பேசியில் 10888 என்பது வெறும் கட்டமாகத் தெரியும். கூகுள் இலவசமாக வழங்கும் 'நோட்டோ சான்ஸ் நபாத்தியன்' எழுத்துருவை நிறுவிக்கொண்டால் அக்கட்டம் மறைந்து, மேலே சிறு வளையமும் கீழே ஒரு காலுமாக, முஸ்ஹஃபில் நாம் காணும் வாவை நிமிர்த்தி நிறுத்தியதுபோன்ற ஓர் உருவம் தோன்றும்.